முழங்கால் சில்லுக்குக் கீழே

அன்றைக்கு ஜெட்டியில் நின்றவர்கள் இவர்கள்.

கங்காணி. அன்புவழிபுரத்து ஆள். விசில் வாயிலேயே கிடக்கும்.

சல்லியிலிருந்து வரும் அண்ணன். கதைப்பதற்கென்றே பிறந்தவன்.

அவனுடைய தம்பி. அண்ணன் கதைக்க இவன் சிரிப்பான்.

கிண்ணியாக்காரர். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். பிளேன்டீ பிளாஸ்க் அவர் பொறுப்பு.

திரியாய்க்காரன். எங்களில் உயரமானவன். தலையில் துவாய் இல்லாமல் அவனை நான் பார்த்ததில்லை.

பிறகு நான். சொந்த இடம் கிளிவெட்டி. ஜெட்டியில் என் பெயரும் கிளிவெட்டிதான்.

மொத்தம் ஆறு பேர். கப்பலை ஜெட்டியோடு கட்டுகிற ஆட்கள்.

வேலை லேசாகச் சொல்லலாம். கப்பல் கிட்ட வரும்போது மேலே நிற்பவன் ஒரு மெல்லிய கயிற்றை எறிவான். அதன் நுனியில் ஒரு பந்து முடிச்சு இருக்கும். அதைப் பிடிக்க வேண்டும். அந்த மெல்லிய கயிற்றின் மற்ற நுனியில்தான் தொடை மொத்தத்துக்குப் பெரிய கயிறு வரும். அதை எல்லோருமாக இழுத்து இரும்புக் குற்றியில் மாட்டினால் கப்பல் நிற்கும். முன் கயிற்றுக்கு மட்டும் ஒரு ஆள் ஓட வேண்டும். கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும். பந்தைப் பிடித்தவன் அதோடு சேர்ந்து ஜெட்டி ஓரமாக முன்னுக்கு ஓடி, பன்னிரண்டாவது குற்றியில் நிற்க வேண்டும். வெறுங்காலோடுதான் ஓடுவோம். செருப்புப் போட்டால் கயிறு சிக்கும்.

அந்த ஓட்டம் பத்தொன்பது வருடம் என்னுடையது.

எங்களிடம் இரண்டு முறைகள் இருந்தன. கப்பல் கட்டி முடிந்ததும் முதல் பிளேன்டீ ஓடினவனுக்கு. அது ஒன்று. மற்றது, கயிறு கையில் இருக்கும்போது ஏலாது என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. கை எரிந்தாலும் சொல்லக்கூடாது. முன்னொரு காலம் ஒருவன் ஏலாது என்று சொல்லிவிட்டுக் கையை விட்டான். கங்காணிக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கொப்பியில் பின் பக்கங்கள் மிச்சம் கிடக்கின்றன. முன் பக்கங்களில் இருப்பது வெறும் எண்கள். அந்த எண்கள் எப்படி வந்தன என்று எழுதிவைக்கிறேன்.

ஜெட்டியில் அந்த நாள் வந்தபோது மனுசி செத்து ஒன்றரை வருடமாகியிருந்தது.

அவளுடைய முப்பத்தோராம் நாள் காரியத்தைக் கன்னியாவில் முடித்துவிட்டு வந்தோம். மகள் கட்டாருக்குத் திரும்பிப் போனாள். அடுத்த நாள் விடிய நாலரைக்கு விழிப்பு வந்தது. அந்த நேரத்துக்குத்தான் அவள் கேத்தலை அடுப்பில் வைப்பாள். படுத்திருந்தால் கேத்தலைப் பார்க்க வேண்டும். எழும்பிக் கீழே இறங்கினேன். நடந்தேன். நடப்பது போதாமல் இருந்தது. ஓடினேன்.

முதலில் கோட்டை வாசல் வரை. அங்கே மான்கள் படுத்திருக்கும். சில மான் எழும்பும், சில எழும்பாது. கொஞ்ச நாளில் எதுவும் எழும்பவில்லை. பிறகு கடற்கரை வீதியால் உப்புவெளி வரை. பிறகு சாம்பல்தீவுப் பாலம் வரை. அதற்கும் வெறுங்கால்தான். சப்பாத்து என்று ஒன்றை நான் கல்யாணத்துக்குக்கூடப் போடவில்லை. ஓடிவிட்டு வந்து குளித்து ஜெட்டிக்குப் போவேன். கப்பல் இருந்தால் அங்கேயும் ஓட்டம். அப்போது வயது ஐம்பத்தொன்று.

ஓடத் தொடங்கி ஆறாம் மாதம் போல் முழங்கால் சில்லுக்குக் கீழே நோவு தொடங்கியது. விரல் நுனி அளவு இடம். படி இறங்கும்போது குத்தும். ஓடத் தொடங்கும்போதும் குத்தும். கோட்டை வாசல் வந்ததும் போய்விடும். ஓடினால் போகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அதனால் இன்னும் கூடுதலாக ஓடினேன். அடுத்த நாள் விடிய இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். தைலம் பூசினேன். துணியால் இறுக்கிக் கட்டினேன். யாருக்கும் சொல்லவில்லை.

கிண்ணியாக்காரர்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன மச்சான், நொண்டுறாய்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத காலுக்கு என்னத்துக்கு துணி? மாப்பிள்ளைக்குத் தலப்பாக் கட்டின மாதிரி."

சல்லித் தம்பி சிரித்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

பிறகு அந்த நாள். மேற்கிலிருந்து கச்சான் காற்று. அனலாக அடித்தது. கப்பலைக் காற்று தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு விசில் கேட்டது. பந்து வந்தது. பிடித்தேன். ஓடினேன். கப்பல் வழமையைவிட விரைவாகப் போனது. ஒன்பதாவது குற்றியைத் தாண்டும்போது கால் பக்கத்தில் ஒரு சத்தம். காய்ந்த தென்னோலை மட்டையை மிதித்தால் வருமே, அப்படி. மட்டையை மிதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஜெட்டியில் எங்கே தென்னை?

அடுத்த அடி வைக்கக் கால் மடங்கியது.

கயிறு கையில் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி மூன்று குற்றி போனேன். பன்னிரண்டாவதில் இருந்துகொண்டு இழுத்தேன். மற்றவர்கள் வந்து பிடித்தார்கள். பெரிய கயிறு வந்தது, மாட்டினார்கள். நீள விசில் கேட்டது. அதன் பிறகுதான் காலைப் பார்த்தேன்.

முதல் பிளேன்டீ வந்தது. குடித்தேன்.

"இனி எழும்பு" என்றார் கங்காணி.

எழும்பவில்லை.

சல்லி அண்ணன் குனிந்து பார்த்தான். "அண்ணை, இவற்ற சில்லு இடம் மாறிக் கிடக்கு. மேல ஏறி நிக்குது."

"பேய்க்கதை கதையாத. கிளிவெட்டி, நோகுதோ?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

இரண்டு பேர் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். திரியாய்க்காரன் தன் தலைத் துவாயைக் கழற்றி என் காலுக்குக் கீழே வைத்தான். அவனுக்கு நடுத்தலையில் மயிர் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்து வைத்திருக்கிற தசைநாண் பாதி கிழிந்திருக்கிறது என்றார் டொக்டர். இது ஒரு நாளில் வந்ததல்ல, ஓடி ஓடித் தேய்ந்து கிடந்தது, இப்போது கிழிந்திருக்கிறது என்றார். வெட்டத் தேவையில்லை. ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதம், கால் மடங்கக்கூடாது. தொடையிலிருந்து கணுக்கால் வரை தடி வைத்த பட்டி ஒன்றைக் கட்டிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கங்காணி அறைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை. கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொந்தராத்தில ஆறு பேர்தான். கூட எழுதவும் ஏலாது, குறைய வைச்சு நடத்தவும் ஏலாது. விளங்குதே?"

"ஓம் அண்ணை."

"உன்ர இடத்துக்கு நிலாவெளிப் பொடியன் ஒருத்தனை வைக்கிறன். மூண்டு மாசம். அதுக்குள்ள நீ வந்து ஓடு. ஓடினால் உன்ர இடம் உனக்கு. இல்லையெண்டால் கேற்."

"ஓம்."

கேற் என்றால் வாசலில் இருக்கிற தகரக் கூடு. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கொப்பி. உள்ளே போகிறவர்களைப் பதிய வேண்டும். அங்கே ஒரு ஆளுக்குத்தான் இடம். சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனக்கு அது கதை இல்லை. காலையில் போனால் பின்னேரம் வரை ஒரு சொல் கேட்காமல் இருக்க எனக்கு அறையே போதும். ஜெட்டியில் அந்த ஐந்து பேர் இருந்தார்கள். எனக்கு இருந்தது அவ்வளவுதான்.

என் அறை மேல்மாடியில். துறைமுகப் பக்கம் ஒரு ஜன்னல். தண்ணீர்க் குழாய் கீழே. பதினாலு படி. முதல் நாள் மேல் படியில் இருந்து, காலை முன்னுக்கு நீட்டி, குண்டியால் ஒவ்வொரு படியாக இறங்கினேன். வாளியை முன்னால் வைத்து வைத்து இறங்க வேண்டும். ஏறும்போது நிறைந்த வாளி. பாதி கொட்டிவிடும். கீழ்வீட்டுக்காரர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், வருடத்துக்கு ஒருக்கால் வருவார்கள். நான் இறங்குவதைப் பார்க்க ஒருவரும் இல்லை. அது ஒரு வகையில் நல்லது.

மகள் வெள்ளிக்கிழமைகளில் எடுப்பாள். முகம் தெரிகிற கோல். நான் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்து, நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரிப் பார்த்துக்கொள்வேன்.

"அப்பா, சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"வேலைக்குப் போகேல்லையே?"

"கப்பல் இல்லை."

ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஒன்று ஊதியது. அவள் கேட்டிருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை. அவளும் எங்கள் பிள்ளைதான்.

ஜன்னலால் ஜெட்டி தெரியாது. விசில் கேட்கும். ஒரு விசில் என்றால் பந்து வருகிறது. இரண்டு என்றால் இழு. நீள விசில் என்றால் கட்டியாயிற்று. யார் எங்கே நிற்பார்கள், யார் கை எந்தக் கயிற்றில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீள விசிலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அது பிளேன்டீ நேரம். அந்த நேரத்தில் நானும் கேத்தலை வைத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று நாள் செய்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கிண்ணியாக்காரர் சோற்றுப் பார்சலோடு வருவார். அவருடைய மனைவி கட்டிக் கொடுப்பது. கதிரையில் இருந்து நான் சாப்பிட்டு முடியும் வரை பார்ப்பார்.

"ஒனக்கு ஆக்குற நேரமெல்லாம் பொஞ்சாதி எனக்கு ஏசுறா மச்சான். அந்த மனிசனுக்கு இறைச்சி பெரிய துண்டு, எனக்கு எலும்பு."

"எலும்பு காலுக்கு நல்லம்."

"அப்ப இந்தா, எலும்ப நீ தின்னு."

அவர் போன பிறகு கதிரையைத் திருப்பிச் சுவர்ப் பக்கம் வைப்பேன். இல்லாவிட்டால் வெறுமையாக என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கும்.

ஆறு கிழமை முடிந்து பட்டியைக் கழற்றினார்கள். தொடை பாதியாகிவிட்டிருந்தது. பயிற்சி தருகிற மிஸ் ஒருவரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என் மகள் வயது இருக்கும்.

"எப்பிடி ஐயா நோகுது?"

"ஒண்டுமில்லை, மிஸ்."

சுவரில் முதுகை வைத்து, கதிரை இல்லாமல் கதிரையில் இருக்கிற மாதிரி அரைவாசி இறங்கி நிற்கச் சொன்னா அந்த மிஸ். நாற்பத்தைந்து எண்ணும் வரை. ஐந்து தரம். இதை மட்டும் செய்யுங்கள், ஓடக்கூடாது, சுடு ஒத்தடமும் வேண்டாம், இப்போது வீக்கம் இருக்கிறது என்றா. நான் தலையாட்டினேன்.

அந்தக் கிழமை சல்லி அண்ணன் வந்தான். காலைப் பார்த்தான். சுவர்ப் பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னான். காட்டினேன்.

"உதென்ன, கக்கூசுக்கு இருக்கிற மாதிரி? உதாலயோ சுகம் வரும்? கன்னியாவுக்குப் போங்கோ அண்ணை. ஏழு கிணத்துச் சுடுதண்ணியையும் ஊத்துங்கோ. எங்கட அப்பான்ர இடுப்பை நிமித்தினது உந்த டொக்டர்மாரே?"

மூன்று மாதத்தில் இரண்டு போய்க்கொண்டிருந்தது. அடுத்த நாள் பஸ் எடுத்தேன்.

கன்னியாவில் ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில். சின்னச் சதுரங்கள், எட்டி அள்ளலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. எல்லாக் கிணற்றிலும் அள்ளி ஊற்ற வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஒன்றை விட்டால் பலன் இல்லை என்பார்கள். கடைசியாக நான் அங்கே நின்றது மனுசியின் காரியத்துக்கு. அன்றைக்கு எந்தக் கிணறு என்ன சூடு என்று தெரியவில்லை. ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினேன்.

இந்த முறை தெரிந்தது. நாலாவது கிணறு சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழிலும் ஊற்றினேன். பிறகு இன்னொரு சுற்று ஊற்றினேன். முழங்கால் சிவந்தது. மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. நோவு இல்லை. மெய்யாகவே இல்லை.

வெளியே வந்தேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நடந்தேன். வெயில், இரண்டு பக்கமும் பற்றை. வீதியில் ஒருவரும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்தேன். ஓடினேன்.

பெரிய வீதி வரை ஓடினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் காற்றுப் போய் வந்தது. அந்த ஓட்டம் நன்றாக இருந்தது. பொய் சொல்லி என்ன?

அடுத்த நாள் விடிய முழங்கால் விளாங்காய் மாதிரி இருந்தது. கட்டிலில் இருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. வாளியில் கிடந்த தண்ணீரைக் குடித்தேன். பாண் ஒரு துண்டு கிடந்தது. போன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. யாருக்கும் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு விசில் கேட்டது, பிறகு இரண்டு, பிறகு நீள விசில். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை கிண்ணியாக்காரர் வந்து கதவைத் தட்டினார். திறக்க எழும்ப முடியவில்லை. பூட்டவில்லை, தள்ளுங்கோ என்றேன். உள்ளே வந்து, காலைப் பார்த்து, வாளியைப் பார்த்து, வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனார். அவர் கதைக்காமல் இருந்தது அந்த ஒரு நாள்தான். பிறகு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

மிஸ் முழங்காலைப் பார்த்தா. என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எப்பிடி இருக்கு ஐயா?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததையோ இவர் மோட்டார் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு வந்தவர்?"

கிண்ணியாக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நோகுதெண்டு சொல்லுறவைக்கு நான் வேலை செய்வன். ஒண்டுமில்லாத ஆளுக்கு நான் என்ன செய்யிறது? இனி எனக்குச் சொல் வேண்டாம். நம்பர் சொல்லுங்கோ. சைபர் எண்டால் நோவே இல்லை. பத்தெண்டால் உயிர் போகுது. இப்ப எத்தினை?"

"ரெண்டு."

சில்லுக்குக் கீழே பெருவிரலை வைத்து அமத்தினா.

"எத்தினை?"

கட்டில் விளிம்பைப் பிடித்தேன்.

"எத்தினை ஐயா?"

"ஏழு."

"ஆ. இப்பதான் நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறம்."

கொப்பி ஒன்று வாங்கச் சொன்னா. பயிற்சி செய்யும்போது ஒரு நம்பர், அடுத்த நாள் விடிய ஒரு நம்பர். மூன்று வரை பரவாயில்லை, செய்யலாம். நாலு என்றால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். என்ன வேலை என்றாலும் நிறுத்த வேண்டும். அதுதான் சட்டம் என்றா. அந்தக் கொப்பிதான் இது.

கங்காணியிடம் போய் நின்றேன். மூன்று மாதம் முடிய இன்னும் பத்து நாள்.

"இன்னும் ஒரு மாசம் வேணும் அண்ணை."

"கன்னியாவில நீ ஓடினதாமே?"

மிஸ்ஸுக்கு நான் சொன்னது ஜெட்டி வரை வந்திருந்தது. சல்லி அண்ணன் எங்கேயோ பார்த்தான்.

"ஒரு மாசம்" என்றார். "அதோட சரி."

அந்த மாதம் நான் வேறொன்றும் செய்யவில்லை. சுவரில் நாற்பத்தைந்து எண்ணினேன். பிறகு சாய்வுப் பலகையில் நின்று மெதுவாக இறங்குகிற பயிற்சி. மூன்று எண்ணி இறங்க வேண்டும், மூன்று எண்ணி ஏற வேண்டும். பலகையைத் திரியாய்க்காரன் கொண்டுவந்தான். கப்பலில் சாமானுக்குக் கீழே போடுகிற பலகை. ஆப்பு வைத்துச் சரித்து ஆணி அடித்துத் தந்தான். வந்த நேரத்திலிருந்து போகும் வரை அவன் கதைத்தது இரண்டே வசனம். ஆணி இருக்கோ என்று கேட்டான். வாறன் என்றான்.

கொப்பியில் ஐந்து எழுதினேன். நாலு எழுதினேன். நாலு, நாலு, மூன்று, நாலு. ஒரு கிழமை முழுக்க நாலு. பிறகு மூன்று. ஒரு நாள் படியில் நின்றபடி இறங்கினேன். பதினாலு படியும். கீழே போய் நின்று மேலே பார்த்தேன். சொல்ல ஆள் இல்லை. கொப்பியில் பதினாலு என்று எழுதினேன். அது நோவின் நம்பர் இல்லை என்று மிஸ்ஸுக்கு விளங்கப்படுத்த வேண்டி வந்தது.

மாதம் முடிகிற கிழமை ஓட விட்டா. சப்பாத்து வாங்க வேண்டும் என்றா, வாங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. கோட்டை வாசலில் மான்கள் எழும்பி விலகின. என்னை மறந்துவிட்டிருந்தன.

"கயிறு இழுக்கிற ஓட்டத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் வேணும் ஐயா" என்றா மிஸ்.

"ரெண்டு நாள்தான் இருக்கு."

கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்தா. "அப்ப நம்பரைப் பாத்து ஓடுங்கோ."

அன்றைக்குக் காற்று இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. ஆறு பேரும் நின்றார்கள், என்னோடு ஏழு. நிலாவெளிக்காரன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நல்ல பொடியன். சப்பாத்தோடு கயிறு பிடிக்கக்கூடாது என்று கங்காணி சொன்னார். கழற்றினேன்.

"நீ ஓடு. பன்னிரண்டு வரைக்கும். பின்னேரம் லிஸ்ற் எழுதவேணும்."

ஒரு விசில் கேட்டது. பந்து வந்தது. கை மறக்கவில்லை, பிடித்தேன். ஓடினேன்.

மூன்றாவது குற்றி வரை ஒன்று. ஐந்தில் இரண்டு. சீமெந்துச் சூடு பழைய மாதிரி உள்ளங்காலில் ஏறியது. கப்பல் மெதுவாகத்தான் வந்தது. எனக்காக வந்த மாதிரி. எட்டில் மூன்று. ஒன்பதாவது குற்றியைத் தாண்டினேன், அந்த இடத்தைத் தாண்டினேன். கிண்ணியாக்காரர் பக்கத்தில் கொஞ்சம் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் ஓடத் தேவையில்லை. கங்காணி பார்த்துக்கொண்டு நின்றார்.

பத்தாவது குற்றி. இன்னும் இரண்டு. ஒற்றைக் காலில் மூன்று குற்றி போனவன் நான். வாயை மூடிக்கொண்டு ஓடினால் சரி. பழகின வேலை.

கயிறு கையில் இருந்தது.

"நாலு" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். ஆனால் கிண்ணியாக்காரருக்குக் கேட்டது. அவருக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். என் கைக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தார். பிடித்தது நல்லாய்ப் பதிந்த பிறகுதான் நான் விட்டேன். ஐம்பது வயது மனிதன், தொப்பையைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டாவது குற்றி வரை ஓடினார். நான் பத்தாவதில் இருந்தேன்.

கப்பல் கட்டியானது. நீள விசில் கேட்டது. கங்காணி என்னிடம் வந்தார்.

"அதென்ன நாலு?"

கிண்ணியாக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "ஆசுப்பத்திரிக் கணக்கு அண்ணை. நாலெண்டா நிப்பாட்டணும்."

"ஏலாதெண்டு சொல்லுறதுக்கு வேற பேரோ?"

"இல்லை" என்றேன். "நாலுதான் அண்ணை."

கங்காணி தன் இடது கையைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

"கயித்தை விடாமல் குடுத்தனி" என்றார். "அது சரி." திரும்பிப் போகும்போது, "நாளைக்குக் கேற்றுக்கு வா."

முதல் பிளேன்டீ கிண்ணியாக்காரருக்குப் போனது. அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். குடியுங்கோ என்றேன். குடித்தார். ஓடினவன் அவர்தான்.

மகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை சொன்னேன். போனைக் கீழே பிடித்து முழங்காலைக் காட்டினேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"இப்ப எப்பிடி அப்பா?"

"மூண்டு" என்றேன். பிறகு விளங்கப்படுத்தினேன்.

அது நடந்து எட்டு மாதமாகிறது. காலையில் ஓடுகிறேன், சப்பாத்தோடு. கோட்டை வாசல் வரை, அதற்கு மேல் இல்லை. நம்பர் ஒன்று. சில நாள் சைபர். போன மாதம் மிஸ் இனி வரத் தேவையில்லை என்றா. பன்னிரண்டாவது குற்றி வரை இப்போது என்னால் ஓட முடியும். நிலாவெளிக்காரன் ஓடுகிறான். அவனுக்கு வயது இருபத்தெட்டு.

தகரக் கூட்டில் பகலில் சூடு. மத்தியானத்துக்குப் பிறகு நிழல் மேசைக்கு வரும். லொறி வந்தால் நம்பர் எழுதுவேன். ஆள் வந்தால் தொகை எழுதுவேன். மற்ற நேரம் ஜெட்டிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பேன். இங்கிருந்தும் விசில் கேட்கும், ஆட்கள் தெரியாது. வெள்ளிக்கிழமைப் பார்சல் நின்றுவிட்டது. இப்போது நான் நடக்கிறவன்தானே. கிண்ணியாக்காரர் பின்னேரம் போகும்போது மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல், வேகத்தை மட்டும் குறைத்து, எத்தினை என்று கேட்பார். நான் விரலைக் காட்டுவேன்.

இன்று காலை கப்பல் இருந்தது. ஏழு மணிக்கு வந்தார்கள். கங்காணி முன்னுக்கு, விசில் வாயில். சல்லி அண்ணன் ஏதோ கதைத்துக்கொண்டு வந்தான், தம்பி சிரித்தான். திரியாய்க்காரன், தலையில் துவாய். நிலாவெளிக்காரன். கடைசியாக கிண்ணியாக்காரர், பிளாஸ்க்கோடு. வாசலின் குறுக்குத் தடியை உயர்த்தினேன். போனார்கள். தடியை இறக்கினேன்.

கேற் கொப்பியில் உள்ளே போனவர்கள் தொகைக்கு ஒரு நிரல் இருக்கிறது. எழுதினேன்.

ஆறு.